அலுக்காத குரல்

டெல்மாவோட அப்பாவுக்கு,

மழை விட்டிருச்சு, ரப்பர் பால் வெட்டப் போறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன்.

நேத்து நம்ம டெல்மாவைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கிட்டு பரீட்சை எழுதிக்கிட்டிருந்தா. கேள்வித்தாளைக் கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டுது! எல்லாத்துக்கும் தானே பதில் எழுதிட்டா. ஜன்னல்கிட்ட அப்படியே மலைச்சுப்போய் நின்னுட்டேன். எழுத்தைப் பார்த்து வாசிக்கிறதுதாங்க அவளுக்குப் பிடிபடல, பாடம் இல்ல. நீங்க "சோம்பேறி"ன்னு புத்தகத்தைத் தூக்கி வீசுனீங்க.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வச்சுக் கேட்டாளாம். கம்ப்யூட்டர் கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரியே அலுக்காம வாசிச்சுச்சாம்.

ஜொய்சி

பி.கு.: வீசுன புத்தகம் மேசையில இருக்கு. சாயங்காலம் அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. "இன்னொருக்கா, அப்பா"ன்னு கேட்டா, இன்னொருக்கா வாசிங்க.