அஸ்தமனத்துக்குப் பின் ஒரு வாக்கெடுப்பு

பதிகப் புத்தகத்தைத் திறந்தேன். திருநீற்று மணத்தோடு உமது தாள் அதற்குள் இருந்தது. உம் கையால் வரைந்த நூற்று அறுபத்தாறு சிறு வட்டங்கள். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் இருக்கைகள். நீர் மறைந்து ஓராண்டாகிறது. ஆயினும் அவ்வட்டங்களைக் கண்டால் எனக்குக் கண்ணீர் வருவதில்லை, சினமே வருகிறது.

கலிபோர்னியாவின் டப்ளினில் வீடு வாங்கிய பின், அதே பெயருள்ள அயர்லாந்துத் தலைநகரின் அரசியலைப் படிக்கத் தொடங்கினீர். பக்கத்து ஊரான சான் ரமோனில் நம் கோவில் சமையற்கூடத்தில் காபி ஆறும்வரை எனக்குப் பாடம் நடத்துவீர். தொண்ணூற்றிரண்டில் அமைந்த அவையில் பெரிய கட்சிக்கு அறுபத்தெட்டு இடம், பெரும்பான்மை இல்லை. முப்பத்து மூன்று இடம் பெற்ற தொழிற்கட்சி கைகொடுத்து ஆட்சி அமைத்தது.

"நம்ம கோவில் கமிட்டியும் அப்படித்தான் அண்ணாச்சி. உங்க பக்கம் அஞ்சு, அவங்க பக்கம் மூணு, நானும் என் மச்சானும் ரெண்டு. நாங்கதான் லேபர்" என்று சிரித்தீர். மாலைதோறும் சந்நிதியில் நான் தமிழ்ப் பதிகம் பாட ஆதரவளிப்பதாகக் கற்பூரத்தின் முன் சொன்னீர்.

இரண்டாண்டில் அத்தொழிற்கட்சி, தேர்தலே நடவாமல், எதிர்வரிசையோடு சேர்ந்து வேறோர் ஆட்சி அமைத்தது. அந்த மார்கழியிலேயே நீரும் அணி மாறினீர். பதிகத்தைச் சந்நிதியிலிருந்து கீழ்த்தள உணவுக்கூடத்துக்கு மாற்றுவது தீர்மானம். ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்குக் கூட்டம். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகு காலம். அதில் நான் எதையும் தொடங்கேன் என்பதை நீர் அறிவீர். கோவில் வாசலில் காருக்குள் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் சூரியன் மறைந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறுக்கு உள்ளே போனபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தீர்.

"அஞ்சுக்கு நாலு. பாஸ் ஆயிட்டு அண்ணாச்சி. நீங்க இருந்திருந்தா அஞ்சுக்கு அஞ்சுன்னு டை ஆகித் தீர்மானம் விழுந்திருக்கும்."

"ராகு காலத்துல கூட்டம் போடலாமா வே?"

"எங்க ராகு காலம்? பகலை எட்டாப் பிரிச்சா, ஞாயித்துக்கிழமைக்குக் கடைசிப் பங்குதானே? இங்க அஞ்சுக்கே அஸ்தமனம். திருநெல்வேலி காலண்டரை சான் ரமோன்ல பாத்துட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்ண?"

வட்டங்கள் வரைந்த தாளின் பின்புறமே இவ்வூர் ராகு காலக் கணக்கைப் போட்டு என் கையில் திணித்தீர். கணக்கு சரியாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை. சாத்திரம் அறியாதவன் வஞ்சித்தால் மனம் ஆறிவிடும். அறிந்து, அதையே வலையாக விரித்தவரை எங்ஙனம் மன்னிப்பது?

தொண்ணூற்றேழில் அயர்லாந்து மக்கள் தீர்ப்பளித்தார்கள். தொழிற்கட்சியின் முப்பத்து மூன்று பதினேழானது. தொலைபேசியில் உமக்கு அதைப் படித்துக்காட்டி, அறம் அங்கேனும் விழித்திருக்கிறது என்றேன். "பதினேழும் சீட்டுதான் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டீர். அதுவே நம் கடைசிப் பேச்சு.

சென்ற மார்கழியில், ஒரு ஞாயிறு, உம் உடலைக் காண ஐந்தேகாலுக்கு வரச் சொன்னார்கள். ஊர் நாட்காட்டி நில் என்றது. உம் தாள் போ என்றது. போனேன். உம் தலைமாட்டில் நின்று, நீர் கீழே அனுப்பிய அதே பதிகத்தைப் பதினோரு பாட்டும் விடாமல் பாடினேன். எதிர்த்துக் கையுயர்த்த உம்மால் இயலவில்லை.

இன்றும் கீழ்த்தளத்தில்தான் பாடுகிறேன், சாம்பார் வாளிகளுக்கு நடுவே. உம்மை மன்னிக்கவில்லை. ஞாயிறுதோறும் புறப்படுமுன் ராகு காலம் பார்ப்பது மட்டும் உம் தாளில்தான்.