மெழுகில்லாத ஒரு வரி

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்ச நாளாக உங்கள் கடிதங்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கோழி கிளறினதுபோல் எழுதுகிற மனிதருக்கு இது எப்போது வந்தது? போனிலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள்.

பட்டறைச் சேதி. மேசை நாற்காலிகளில் விரிசல் இருந்தால், மரத்தின் நிறத்தில் மெழுகு காய்ச்சி அடைத்துப் பாலிஷ் போடுவதுதானே என் வேலை. ஒரு அம்மா வாங்கிப்போன மேசையை வெயில் படும் ஜன்னலோரம் போட்டிருக்கிறார். மெழுகு உருகி, விரிசல் பல்லிளித்துவிட்டது. முதலாளி கூசாமல், "மரம்னா வேர்க்கத்தாம்மா செய்யும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அலுப்பாக இருந்தது. "மெழுகும்மா, நான்தான் அடைச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு வேலை போயிற்று.

மகளிடம் சொன்னபோது சிரித்தாள். ஆங்கிலக் கடித முடிவில் 'சின்சியர்லி' என்று போடுகிறார்களே, அதற்கு 'மெழுகு இல்லாமல்' என்று அர்த்தமாம். சிற்பிகள் சிலையின் ஓட்டையை மெழுகால் மூடி விற்ற காலத்தில் பிறந்த சொல் என்று டீச்சர் சொன்னாராம். அகராதியைப் பார்த்தால் அது வெறும் கதையாம். லத்தீன் மூலத்துக்குச் சுத்தமானது, கலப்பில்லாதது என்றுதான் பொருளாம். "உண்மைங்கிற வார்த்தைக்கே மெழுகு பூசிட்டாங்கம்மா" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவளே, "அப்பா லெட்டரை யாரும்மா எழுதுறாங்க?" என்று கேட்டாள். உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நாள் முழுக்க இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவர் நீங்கள். அடிபட்டது கையா, கண்ணா என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு எழுதிக்கொடுக்கும் தம்பி யாரோ, அவர்தான் இதையும் படித்துக் காட்டுகிறார் என்றால், தம்பி, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, விடாமல் படியுங்கள்.

என் வேலை போனதை நான் மறைக்கவில்லை. நீங்களும் மறைக்காதீர்கள். இடது கையாலாவது, கோணல்மாணலாக, நீங்களே ஒரு வரி எழுதுங்கள். விரிசல் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் நீங்கள் வந்தால் போதும்.

மெழுகு வாடை போகாத கையோடு,
உங்கள் வீட்டுக்காரி