மாலுமி தூங்கும் காட்சி

பிப்ரவரி 3

அன்புள்ள மாலுமிக்கு,

கிறுக்கன் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் பாதி வேலை முடிந்தது.

நம் விண்கப்பல் மறுபடியும் கிளம்பப் போகிறது. ஆறாவது படம் படுத்த பிறகு பதினோரு வருஷமாகத் தூசி படிந்து கிடந்த கதையைக் கம்பெனி தூக்கி நிறுத்துகிறது. 'புதிய தலைமுறை, புதிய முகங்கள்' என்று முதலாளியின் மகன் மேசையைத் தட்டிப் பேசுகிறான். சின்ன வயதில் உன் படத்தைப் பள்ளிக்கூடப் பையில் ஒட்டிக்கொண்டு திரிந்தவனாம். எழுதுவதும் இயக்குவதும் பழையபடி நான்தான்.

கப்பலை ஓட்டப் போவது யார் தெரியுமா? என் மகள். நம் வாண்டு. இரவுப் படப்பிடிப்பில் உன் மடியில் தூங்கிப்போய் உன் சட்டையெல்லாம் எச்சில் ஆக்குவாளே, அவளேதான். இதற்கு முன் இரண்டு படம் நடித்தாள். இரண்டும் ஊற்றிக்கொண்டன. இதுவும் போனால் அவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ பக்கத்தில் நின்று 'இவள் நம்ம பிள்ளை' என்று சொன்னால்தான் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

கதையைப் பற்றி போனில் மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நமக்கென்ன, காகிதம் பழகியதுதானே. வருவாய் அல்லவா?

உன்,
கிறுக்கன்

•

பிப்ரவரி 9

கிறுக்கா,

கிழிக்கத்தான் நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கோபம் ஆறிவிட்டது.

என் மனைவி இறந்துபோனபோது நாலு வரி எழுதினாய். நேரில் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும், இல்லையென்றால் நெஞ்சிலேயே கிடக்கும். சொல்லியாயிற்று.

நான் இப்போது முழங்கால் தைல விளம்பரத்தில் தாத்தாவாக வருகிறேன். பார்த்ததே இல்லை என்று புளுகாதே, மணிக்கு ஒரு தடவை போடுகிறார்கள். ஆனாலும் தெருவில் இறங்கினால் நான் மாலுமிதான். கீழ் வீட்டுப் பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு கருவியைச் செருகிவிட்டு, "கப்பல் எப்போ சார் கெளம்புது?" என்று கேட்கிறார். எப்படிப் பதில் சொல்வது? என்னைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளும் போய்விட்டாள். இனி எனக்கு மிச்சமிருப்பது அந்த மாலுமி மட்டும்தான். அவன் வானத்தில் எங்கோ நன்றாக இருக்கிறான் என்று ஜனங்கள் நம்புகிறவரை எனக்கும் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்ளத் தோன்றுகிறது. சிரிக்காதே.

வாண்டுவுக்காக வருகிறேன். ஒரே நிபந்தனை. மாலுமியைக் கொல்லக் கூடாது. பழைய ஆளைச் சாகடித்துப் புது ஆளிடம் சாவியைக் கொடுப்பதுதான் இப்போது நாகரிகம் என்று எனக்கும் தெரியும். நானும் படம் பார்க்கிறவன்தான்.

அப்புறம் அந்தப் பொய்ப் பக்க விவகாரம். இரண்டாவது படத்தின் முடிவை ஒரு வாரப் பத்திரிகை அம்பலப்படுத்தியதிலிருந்து, நடிகர்களுக்கு அவரவர் வசனப் பக்கம் மட்டும்தான் தருவாய். அதிலும் நாலு பொய்ப் பக்கத்தைக் கலந்துவிடுவாய். கடைசிவரை எவனுக்கும் கதை தெரியாது. எனக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு கடிதத்தில் நிஜத்தை எழுதிவிடுவாய். அந்த வழக்கம் இருக்கிறதா, அதையும் கம்பெனி நிறுத்திவிட்டதா? இருக்கிறது என்று ஒரு வரி எழுது. பெட்டியைக் கட்டுகிறேன்.

மாலுமி

•

பிப்ரவரி 16

என் மாலுமிக்கு,

இருக்கிறது. ஊருக்கெல்லாம் பொய் எழுதினாலும் உனக்கு எழுத மாட்டேன்.

நிஜக் கதை இதுதான். கப்பல் பாதி எரிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று எல்லோருக்கும் போதாது. யாராவது ஒருவர், உடம்பை உறையவைத்து மூச்சே தேவைப்படாமல் தூங்கவைக்கும் உறைதூக்கப் பேழைக்குள் போக வேண்டும். நீ போகிறாய். "கரை தெரிஞ்சதும் எழுப்பு" என்று வாண்டுவிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறாய். அதற்குப் பிறகு அவள் ராஜ்யம். நீ இரண்டாம் பாதி முழுக்கத் தூங்குகிறாய், சம்பளம் மட்டும் முழுசாக வாங்குகிறாய். எட்டாவது படத்தில் முதல் காட்சியே நீ கண் விழிப்பதுதான். போதுமா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படுக்கும்போது நடிக்காதே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் படுப்பது போலப் படு. மேடை நாடகக் காலத்தில் நீ குண்டடி பட்டுச் செத்தது ஞாபகம் இருக்கிறதா? ஜனங்கள் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார்கள், அப்போதும் நீ செத்துக்கொண்டிருந்தாய்.

உன் மனைவி விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் வந்திருக்க வேண்டும்.

உன்,
கிறுக்கன்

•

மே 22

அருமைக் கிறுக்கனுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். தளத்தில் உன்னைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர், பேசவே வாய்க்கவில்லை. அதனால் இது.

முட்டை அட்டைக்கு வெள்ளிச் சாயம் அடித்துக் கப்பல் சுவர் செய்தவர்கள் நாம். இப்போது எங்கே திரும்பினாலும் பச்சைத் துணி. "அங்கே பெரிய கிரகம் இருக்கு சார், பயப்படுங்க" என்கிறான் உன் உதவியாளன். துணியைப் பார்த்து எப்படியடா பயப்படுவது? துணிக்கடை பில்லை நினைத்துக்கொண்டேன், நன்றாக வந்தது. சின்னப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். என் பழைய உடுப்பை ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். அது இன்னும் எனக்குப் பொருந்துகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தூங்கும் காட்சியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வாண்டு அன்று காலையிலிருந்தே என் பக்கம் வரவில்லை. காட்சியில் பேழைக்கு அருகில் நின்றவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். நீ எனக்குக் கொடுத்த வசனப் பக்கத்தில் அழுகை கிடையாதே என்று எனக்குக் குழப்பம். மூடி இறங்குவதற்கு முன் மெல்லக் கேட்டேன், "ஏண்டி அழற? தூங்கத்தானே போறேன்?" அவள் குனிந்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள். வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, "பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கறேன்" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அப்புறம் நீ சொன்னபடி நடிக்காமல் படுத்தேன். நீயும் 'கட்' சொல்லக் காணோம். நிஜமாகவே கண் அசந்துவிட்டது. எழுந்தால் தளமே கை தட்டுகிறது. நீ வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாய். இத்தனை வருஷத்தில் நீ என்னைப் பாராட்டியதே இல்லை, பாவி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நன்றி. திரும்பவும் வேலை கொடுத்ததற்கு இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு.

மாலுமி

•

செப்டம்பர் 18

கிறுக்கா,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படத்தொகுப்பில் மூழ்கியிருப்பாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். முதல் காட்சிக்கு அழைத்தவர்கள் பட்டியலில் என் பெயர் விட்டுப் போயிருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "விசாரிச்சு சொல்றோம் சார்" என்கிறார்கள். பரவாயில்லை. எங்கள் குடியிருப்பு முழுவதையும் நான் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டேன். பல் டாக்டர் குடும்பம் உட்பட. மாலுமி தன் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கப் போகிறான், எழுதி வைத்துக்கொள்.

மாலுமி

•

அக்டோபர் 12

கிறுக்கனுக்கு,

பார்த்தேன்.

என் முகத்தைக் காட்டினாய். பிறகு பேழையின் பச்சை விளக்கு அணைவதைக் காட்டினாய். அந்த விளக்கை நான் படுத்திருந்தபோது யாரும் படம் எடுக்கவில்லை, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எடுத்திருக்கிறாய். பிறகு வாண்டு கண்ணாடி மேல் கையை வைத்து, "போயிட்டாரு" என்கிறாள். பிறகு பேழையைத் தள்ளி, எரியும் ஒரு நட்சத்திரத்துக்கு அனுப்புகிறீர்கள். தியேட்டர் முழுக்க அழுகை. என் பக்கத்தில் இருந்த டாக்டரின் மனைவி ஒரு தடவை திரையைப் பார்க்கிறாள், ஒரு தடவை என்னைப் பார்க்கிறாள், என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை என்னிடம் நீட்டுகிறாள்.

வெளியே வந்ததும் குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்." இழவு வீட்டில் சொல்வார்களே, அதே குரல். நான் உயிரோடு நின்று, என் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். தெரியும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஏமாந்தேன் என்றா?

இத்தனை பேருக்குப் பொய்ப் பக்கம் எழுதினாயே, அவர்களில் ஒருவனாக என்னையும் வைத்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். கடிதத்தில் எழுதினாய். உன் கையெழுத்தில். அதனால்தான் நம்பினேன்.

வாண்டுவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். அவள் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். உன்னைப் போல எனக்குப் பொய் எழுத வராது.

ஏன் செய்தாய் என்று எழுது. அதையாவது நிஜமாக எழுது.

மாலுமி

•

அக்டோபர் 24

மாலுமிக்கு,

கேட்டாய், எழுதுகிறேன்.

"ஆலமரத்தடியில புல்லும் முளைக்காது சார். அவரு இருக்கற வரைக்கும் உங்க பொண்ண யாரு பார்ப்பா?" என்றான் முதலாளியின் மகன். முதலில் சண்டை போட்டேன். பிறகு போடவில்லை. நீ என் நண்பன், அவள் என் மகள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நிஜத்தைச் சொன்னால் நீ வர மாட்டாய். வந்தாலும், கோபித்துக்கொள்ளாதே, நீ செத்துக் கெடுத்திருப்பாய். கண்ணை உருட்டியிருப்பாய், கையைத் தூக்கியிருப்பாய். நீ நிம்மதியாகத் தூங்கினாய், உலகமே அழுகிறது. உன் வாழ்நாளில் இதைவிட நல்ல காட்சி நீ நடித்ததில்லை. இதை இயக்குநராகச் சொல்கிறேன். நண்பனாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவளையும் நான்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்தேன்.

இப்போது கம்பெனி வாசலில் தினமும் கூட்டம். மாலுமி வேண்டும் என்று கூச்சல். வாண்டுவைக் கொலைகாரி என்று திட்டி எழுதுகிறார்கள், பாவம், வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. முதலாளி பயந்துவிட்டார். எட்டாவது படத்தில் உன்னை எழுப்பச் சொல்கிறார். சுலபம்தான். பேழை நெருப்பை நோக்கிப் போனதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள், உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. நீ நடித்ததும் தூக்கம்தானே. எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எனக்காக வேண்டாம். அவளுக்காக வா.

உன்,
கிறுக்கன்

•

அக்டோபர் 30

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எட்டாவது படத்தில் நடிக்கச் சம்மதிக்கிறேன். வாசலில் நிற்கும் ஜனங்களுக்காகவும் எனக்காகவும். மாலுமி எனக்கு வேண்டும், அதை மறைக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் தாங்களும் கேட்கிறீர்கள்.

ஒப்பந்தத்தை என் வக்கீலுக்கு அனுப்பிவைக்கவும். என் பாத்திரம் படத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் என்பதை அதில் எழுதி முதலாளி கையெழுத்திட வேண்டும். தங்கள் கையெழுத்து தேவையில்லை.

தங்கள் மகள் நேற்று வந்திருந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மன்னித்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சின்னப் பெண், அப்பா சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் எனக்கு ஆறிவிடும். தங்கள் விஷயத்தில் ஆறாது.

தளத்தில் தாங்கள் சொல்லும் இடத்தில் நிற்பேன், காட்டும் திசையில் பார்ப்பேன். இடைவேளையில் என் அறைக்கு வர வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம். இனிமேல் கடிதமும் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்த நடிகர்