பெரியப்பாவின் காப்பும் என் கால் கொப்புளமும்

கருங்குழி,
ஆவணி 2

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழு சுகம், நான் ஒரு கால் நீங்கலாகச் சுகம். ஒசாகாவில் நீயும் உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிகளும் அதேபோல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா நடுவில் பிடுங்கி வற்றல் வந்து சேர்ந்ததா என்று ஆரம்பித்துவிடுகிறாள், அதனால் கடிதம்.

புற்றுக்கட்டி இரத்தக்குழாயை இழுத்துக்கொள்வது பற்றிப் போன மாதம் எனக்குப் பாடம் நடத்தினாயே, அது எங்கே போய் முடிந்தது தெரியுமா. உன் பெரியப்பா காசிநாதனுக்குப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய், கீமோவோடு இரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் ஊசியும் போடுவது உனக்குத் தெரியும். தெரியாதது, மனிதர் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்க வேண்டிக்கொண்டு மணிக்கட்டில் காப்பும் கட்டிவிட்டார், டாக்டரிடம் மூச்சு விடவில்லை. மண்வெட்டி பட்ட கால் கட்டைவிரலே ஒரு மாதமாக ஆறவில்லை என்று சந்திரம்மா பெரியம்மா போனில் அழுதாள்.

செய்யூரில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்துப் பதினொரு வருடம். தணலில் நடந்தால் ஏன் கால் சுடுவதில்லை என்று நான் அதே அம்மன் கோயில் நெருப்புக் குழிக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த மைக்கை, என் பிளஸ் டூ மாணவர்கள் பார்க்கப் பிடுங்கியவர். அதற்கும் முன்னால், என் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் கீழே வந்துவிட்டதென்று சாப்பிடாமல் போனவர். எதையும் நான் மறக்கவில்லை. இருந்தும் போனேன். கடலை உரித்துக்கொண்டிருந்தவர், “இன்னாடா வாத்தி, வயி தப்பி வந்துட்டியா” என்றார். உட்காராமலே சொன்னேன். கட்டி குண்டூசித் தலைக்கு மேல் வளர இரத்தம் வேண்டும், அதற்கு ஒரு வளர்ச்சிக் காரணியைச் சுரந்து பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை இழுக்கிறது, ஊசி அந்தக் காரணியைப் பிடித்துக்கொள்கிறது என்றேன். ஏறவில்லை. கட்டி வாய்க்காலில் திருட்டு மடை வெட்டுகிறது, ஊசி அதன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறது, நாளைக்குப் பாதம் வெந்தால் அங்கே புண் ஆற மடை திறக்கவும் மண்வெட்டி இருக்காது என்றேன். சட்டென்று புரிந்துவிட்டது. “திருட்டு மட வெட்றது உனுக்கு நல்லாத்தான் தெரிஞ்சிகீது” என்றார்.

ஆனால் கட்டிய காப்பைச் சும்மா அவிழ்க்கக் கூடாதாம், பங்காளி ஒருவர் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினால் சரி என்றார் பூசாரி பார்த்திபன். பெரியப்பாவுக்கு இரண்டும் பெண்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்காமல், “அவன் எறங்க மாட்டான், நானே எறங்கிக்கிறேன் வுடுங்க” என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் கையை நீட்டினேன், பக்தியாலும் இல்லை பாசத்தாலும் இல்லை. பத்து நாள் மஞ்சள் வேட்டியோடு போய் உயிரியல் நடத்தினேன், பசங்களுக்குக் கொண்டாட்டம். தணலில் வேகமாக நடந்தால் ஒன்றும் ஆகாது, அதுதான் அறிவியல். தீமிதி அன்று பாதி வழியில் கரையிலிருந்து உன் பெரியப்பா “வாத்தி, நிதானமா போடா” என்று கத்தினார், நானும் மடையன் மாதிரி நிதானித்தேன். இடது பாதத்தில் இரண்டு கொப்புளம். இதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு நாளில் புதுத்தோல் மூடிவிட்டது. நேற்று செங்கல்பட்டுக்கு ஊசிக்குப் போகும் வழியில் பெரியப்பா இங்கே இறங்கினார். கட்டைவிரலை டாக்டரிடம் காட்டச் சொன்னேன், தலையாட்டினார். பிறகு குனிந்து என் பாதத்தை வெகுநேரம் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். “எனுக்கு ஆறலன்னா மருந்து உள்ள வேல செய்யுதுன்னுதானேடா” என்றார். புண் ஆறாததை வைத்துக் கட்டி சுருங்குகிறது என்று சொல்லிவிட முடியாது, அப்படி எழுதும் மாணவனுக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட மாட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கேன். அதற்குள் உன்னிடம் போனில் கேட்பார், அப்பா சொன்னது சரிதான் என்று சொல். எலிகளை மட்டும் கவனிக்காமல் வேளைக்குச் சாப்பிடு. அம்மன் விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம்தான், இருந்தாலும் உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா வெங்கடேசன்