எந்த டெலஸ்கோப் வேண்டும் என்றார்

ஜனவரி 17, சனிக்கிழமை

துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். அடுத்த மாதம் லீவில் வரும்போது எனக்கு டெலஸ்கோப் வாங்கி வருகிறாராம். கடையில் நின்றபடியே கேட்டார்.

"பெரிய லென்ஸ் வச்சது ஒண்ணு இருக்கு, கண்ணால பாக்க நல்லாருக்குமாம். இன்னொண்ணு சின்னது, கேமரா மாட்டிப் போட்டோ எடுக்கலாம். எது வேணும்?"

"போட்டோ எடுக்குறதே வாங்குங்க."

"ஏம்மா, நட்சத்திரத்தக் கண்ணாலதான் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பியே?"

சிரித்து மழுப்பினேன். படமென்றால் திரையில் வெளிச்சமாகத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாளாகவே பொழுது சாய்ந்தால் எனக்குப் படிக்கட்டு தெரிவதில்லை. இன்று மாடியில் மகள் ரிஹானா கார்த்திகை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாள்.

"தெரியுதா உம்மா?"

தெரிகிறது என்றேன். எனக்கு அங்கே வெறும் இருட்டுதான். என் வாப்பாவுக்குப் பார்வை போனபோதும் இப்படித்தான் தொடங்கியது.

படுத்தும் மனசு ஆறவில்லை. எழுந்து வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: "எதுவும் வாங்காதீங்க. எனக்கு ராத்திரியில கண்ணு தெரியல. வந்ததும் பெரம்பலூருக்கு, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

பார்த்துவிட்டார். போன் அடிக்கிறது. ரிஹானா விழிப்பதற்குள் எடுக்க வேண்டும்.