எந்த மரத்துக் குளவி

ஜூன் 4

அன்புள்ள நாலுகண்ணுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆறு வயதில் நீ மூக்கை விடப் பெரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை டப்பாவைச் சுற்றிய எறும்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தி முகம் பார்ப்பாய். அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன்: "அக்கா, எழுதி வச்சுக்கோ. இவ ஒருநாள் யாருமே பார்க்காத ஜந்து ஒண்ணைக் கண்டுபிடிப்பா. அதைப் பிடிச்சுக் கொடுக்கிறது நானாத்தான் இருக்கும்." அக்கா, "நீ முதல்ல அந்தப் பத்தாவதை முடிடா" என்றாள். பொறாமை.

எலுமிச்சை இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டை கறுத்துப்போயிருந்தால் குப்பியில் போட்டு வை என்று எழுதினாய். வைத்தேன். வண்ணத்துப்பூச்சி வரும் என்று பார்த்தால் மிளகுப்பொடி பறந்தது! அதுதான் உன் குளவி. முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு, உள்ளே இருப்பதைத் தின்று வளர்ந்து வருகிற திருடன். உன் அத்தை, குப்பியில் அழுக்கு என்று கழுவப் போனாள். பாய்ந்து பிடுங்கினேன். இல்லையென்றால் அறிவியல் அன்றைக்கே சாக்கடையில் போயிருக்கும்.

புதிய இனம் என்று நீ எழுதியதை டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கற்றுக்கொள்கிற எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கியர் மாற்ற வராத ஒரு பேங்க் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். மரியாதையா, பிரேக் பயமா, தெரியவில்லை.

எந்த மரம் என்று கேட்டிருக்கிறாய். இது ஒரு கேள்வியா? உன் அம்மா வைத்த கொல்லை எலுமிச்சைதான். காய் தாங்காமல் கிளை தரையைத் தொடுகிறது.

உன் மாமா
(கண்டுபிடிப்பில் சரிபாதி)

ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா மரமா! அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அந்த இலையைக் கசக்கி மூக்கருகில் பிடிப்பாள். நேற்றுக் குளவியை ஸ்லைடில் பிசின் வைத்துப் பதிக்கும்போது, இங்கே இல்லாத அந்த வாசனை வந்தது. முடிவு செய்துவிட்டேன். குளவிக்கு அம்மாவின் பெயர்தான். அம்மா போனபிறகு அந்த வீட்டில் எனக்கென்று உயிரோடு நிற்பது அந்த மரம் ஒன்றுதானே. (நீங்களும் அத்தையும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஒரு சிக்கல். நீங்கள் அனுப்பியவை அத்தனையும் பெண். இந்த வகையில் ஆணின் உணர்கொம்பு மயிரைப் பார்த்தால்தான் இனத்தை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும். அதே மரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முட்டை வேண்டும். ஏணியில் மட்டும் ஏறாதீர்கள்.

அன்புடன்,
நாலுகண்ணு

ஜூலை 8

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

ஏறாதே என்றால் ஏறுகிறவன் நான். ஆண்பிள்ளைகள் உச்சிக்கிளையில்தான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ஏணியை வைத்தேன். கீழே உன் அத்தை: "விழுறதா இருந்தா சொல்லிட்டு விழுங்க, காயப்போட்ட துணியை எடுத்துக்கறேன்." இருபது வருஷமாக இந்தப் பாசத்தில்தான் உயிர் வாழ்கிறேன்.

அந்த மரத்தடியில்தான் உன் அம்மா எனக்குச் சைக்கிள் பழக்கினாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். பிடித்திருக்கிறாள் என்று நம்பி நான் போவேன். திரும்பிப் பார்த்தால் அவள் மரத்தடியில் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். இன்று ஊரில் பாதிப் பேர் கார் ஓட்டுவது அந்தச் சிரிப்பினால்தான்.

குப்பியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆண் இல்லாவிட்டால் என் மீசையை எடுக்கிறேன்.

உன் மாமா

ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கு,

மரம் எப்படி இருக்கிறது? அப்புறம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

மீசை தப்பித்தது. ஆண்கள் இருந்தன, அதே இனம். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், புரூஃப் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். எடுத்த இடம்: வீட்டுக் கொல்லை, எலுமிச்சை மரம். இது சரிதானே? அச்சாகிவிட்டால் அந்த ஸ்லைடும் அந்த வரியும் நமக்குப் பிறகும் இருக்கும். இன்னும் எத்தனையோ வருஷம் கழித்து இந்தக் குளவியைத் தேடுகிறவர் அந்த மரத்தைத்தான் தேடி வருவார். அந்த வரி தப்பென்றால் என் மற்ற வேலையையும் நம்பமாட்டார்.

மரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கட்டுரையில் சேர்க்கிறேன். எனக்கும் ஒன்று வேண்டும், மேஜைமேல் வைக்க.

அன்புடன்,
நாலுகண்ணு

ஆகஸ்ட் 26

அன்பு மருமகளுக்கு,

கேமராவைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சை மரம் உள்ள வீடாகத் தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் நல்ல மரம். வாசலில் நின்ற அம்மாள், "எதுக்குப்பா போட்டோ?" என்றார்கள். என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. எனக்கு இப்படி நடந்ததே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

உன் அம்மாவின் மரம் இல்லை. அவள் போன மறுகோடையிலேயே பட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றினேன், எரு வைத்தேன், அதெல்லாம் நிஜம். நீ கடிதத்துக்குக் கடிதம் மரத்தைத்தான் முதலில் விசாரிப்பாய். ஒருமுறை, பூத்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். பூத்ததைக் காய்க்கவைக்காமல் எப்படி விடுவது?

இரண்டு தடவையும் முட்டை எடுத்தது டிரைவிங் ஸ்கூல் மைதானத்துப் பின்சுவர் ஓரத்து எலுமிச்சைச் செடியில். ரிவர்ஸ் எடுக்கிறவர்கள் இடித்து இடித்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இடுப்பு உயரம்தான், ஏணியே வேண்டாம். தேடி வருகிறவர் அங்கே வரட்டும். பின்னால் கார் வருகிறதா என்று பார்த்து நிற்கச் சொல்.

பெயரை நீ என்ன செய்தாலும் சரி. அந்த வரியை மட்டும் மாற்றிவிடு. என் புளுகு என்னோடு போகட்டும், உன் எழுத்தில் ஏற வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு உன் அத்தை, "அந்தச் செடி அண்ணி மரத்துப் பழத்தோட விதையில முளைச்சதுன்னு ஒரு வரி சேருங்க, பிள்ளை மனசு ஆறும்" என்றாள். அழகான வரி. பேனாவை எடுத்தும்விட்டேன்.

இல்லைம்மா. அது தானாக முளைத்த செடி. யார் வீட்டுப் பழமோ, எனக்குத் தெரியாது.

மாமா