செல்வியின் மூன்று ஆபரேஷன்கள்

ஜூலை 17, வியாழன்

சின்ன வயதில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆராய்ச்சி எங்களுடையது. தமிழ் தெரிந்தவள் என்பதால் தாராவி வீடுகளுக்கு என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

இன்று பார்த்த செல்விக்கு எட்டு வயது. வாயின் மேல்பகுதி பிளந்திருக்கும் அண்ணப் பிளவோடு பிறந்தவள். இரண்டு வயதுக்குள் மூன்று ஆபரேஷன். நான் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல மிகவும் திணறினாள். அவள் வாசலுக்கு விளையாடப் போனதும் அம்மா இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மயக்க ஊசியாலதான் இவளுக்குப் படிப்பு ஏற மாட்டேங்குதா மேடம்? மூணு தடவையும் நாந்தான் கையெழுத்துப் போட்டேன். இவ அப்பாகிட்டகூட இந்தப் பயத்தச் சொன்னதில்ல."

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மனம் வரவில்லை.

"பல தடவை கொடுத்தா என்ன ஆகும்னு இன்னும் சரியாத் தெரியலை அக்கா. ஆனா ஆபரேஷன் பண்ணலைன்னா?"

"பாலெல்லாம் மூக்கு வழியா வந்துரும். பிள்ள தங்கியிருக்காது."

"காது நல்லாக் கேக்குதான்னு பாத்தீங்களா? அண்ணப் பிளவு இருந்தா காதுலயும் கோளாறு வரும்."

அவள் எழுந்து வாசலில் குனிந்திருந்த மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவாக, "செல்வி" என்றாள். செல்வி திரும்பவில்லை. இரண்டாவது முறையும் திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டதும் சிரித்தபடி திரும்பினாள்.

இசக்கியம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பயமா, ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை. காதுதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காது டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன்.